பெற்றோருக்கும் ஒரு பாய்

(நமது மருத்துவமனையின் நண்பர்கள் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை. வர இயலாமற்போன நண்பர்களுக்காக இங்கே தரப்படுகிறது.)



போதகர் கையில் மைக்கைக் கொடுத்தால் மூன்று குறிப்புகளுக்குக் குறையாமல் பேசுவார் என்பது நீங்கள் அறிந்ததே. பயப்படாதேயுங்கள், இன்று ஒரே ஒரு காரியத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம். இந்தக் கூடுகையில் புதிய கட்டடத்தைப் பற்றியோ, புதிய இயந்திரத்தைப் பற்றியோ சொல்லுவது வழக்கம். உங்கள் காணிக்கையால் எழும்பிய பிரசவ வார்டைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டலாம். டயாலிசிஸ் இயந்திரத்தைத் தொட்டுக் காட்டலாம். இன்று பேசப்போகிற வேலைக்கோ, காட்டுவதற்கு இரண்டு கோரைப் பாய்களும், ஒரு செல்போனும், கூடை நிறைய டம்ளர் கரண்டிகளும் மட்டுமே உண்டு. குழந்தைகள் பிரிவின் பின்பக்க வராந்தாவில் சனிக்கிழமைதோறும் நடக்கிற பெற்றோர் பயிற்சி வகுப்பைத்தான் சொல்லுகிறோம்.

பயிற்சி என்றதும் நமக்குத் தெருவில் தொங்கும் கோச்சிங் சென்டர் பலகைகள்தாம் நினைவுக்கு வரும். நீட் தேர்வுக்குக் கோச்சிங், கிரிக்கெட்டுக்குக் கோச்சிங், ஸ்போக்கன் இங்கிலீஷுக்குக் கோச்சிங். எல்லாம் பிள்ளைகளுக்கு. பிள்ளையைப் பெற்றவர்களுக்கு என்று ஒரு பலகையை நாங்கள் எங்கும் கண்டதில்லை. பிள்ளையோடு பழகுவது தானாக வந்துவிடும் என்று எல்லாரும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். பல வீடுகளில் அது தானாகவே வருகிறதும் உண்டு. குழந்தை சிரிக்கும், தாய் சிரிப்பாள். குழந்தை கையை நீட்டும், தகப்பன் தூக்குவான். ஒருவர் எறிய ஒருவர் பிடிக்கும் பந்து விளையாட்டைப்போல அது நடந்துகொண்டேயிருக்கும்.

ஆனால் பந்தைத் திரும்ப எறியாத பிள்ளைகளும் உண்டு. கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, முகத்தைப் பார்க்காத பிள்ளை, நான்கு வயதாகியும் அம்மா என்று சொல்லாத பிள்ளை. அந்தப் பிள்ளையின் தாய் எத்தனை நாள் பந்தை எறிந்துகொண்டே இருப்பாள்? ஒரு நாள் கை ஓய்ந்துபோகும். அப்படிக் கை ஓய்ந்துபோன தாய்மாரையும் தகப்பன்மாரையும் பற்றியே இந்தப் பேச்சு.

ஒரு தாய் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் மூன்றரை வயது மகனோடு ஒரு தாய் வந்தாள். இரண்டு பஸ் மாறி வரவேண்டிய கிராமம். கணவன் லாரி ஓட்டுகிறவர்; மாதத்தில் பாதி நாள் வெளி மாநிலம். டாக்டர் அம்மா பையனைப் பரிசோதித்து, அவனுக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று பக்குவமாய் எடுத்துச் சொன்னார்கள். பிறகு, "கொஞ்சம் ஆறுதல் சொல்லுங்கள்" என்று எங்கள் அறைக்கு அனுப்பினார்கள்.

நாங்களும் சொன்னோம். அரைமணி நேரம் சொன்னோம். பொறுமையைப் பற்றிச் சொன்னோம், நம்பிக்கையைப் பற்றிச் சொன்னோம், குழந்தைகள் கடவுள் தந்த ஈவு என்று சொன்னோம். அவள் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பையன் எங்கள் மேஜை விளக்கின் சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைத்துக்கொண்டிருந்தான். முடிவில் ஜெபித்தோம். எழுந்து வாசல்வரை போனவள் திரும்பி நின்றாள்.

"ஐயா, நீங்க சொன்னது எல்லாம் நல்ல வார்த்தைதான். எங்க அம்மாவும் இதைத்தான் சொல்லுது. நாளைக்குக் காலையில இவன் எழுந்திரிச்சதும் இவன்கூட நான் என்ன பண்ணணும்? அதைச் சொல்லுங்க" என்றாள்.

எங்களுக்கு வாயடைத்துப்போயிற்று. துக்கப்படுகிறவர்களை எப்படித் தேற்றுவது என்று செமினரியில் கற்றிருக்கிறோம். மரணப் படுக்கையருகே நிற்கக் கற்றிருக்கிறோம். நாளைக் காலையில் என்ன செய்வது என்ற அந்தக் கேள்விக்கு மட்டும் எங்கள் நோட்டுப் புத்தகத்தில் விடை இல்லை. அந்தத் தாயை அழைத்துக்கொண்டு பின்பக்க வராந்தாவுக்குப் போனோம். அங்கே பெற்றோர் வகுப்பு ஆரம்பித்துச் சில வாரங்களே ஆகியிருந்தன.

வராந்தாவில் நடப்பது

அந்த வகுப்பை நடத்துகிறவரை எல்லாரும் அக்கா என்றே அழைக்கிறார்கள். முன்னே நம் வார்டில் ஆயாவாக வேலைசெய்தவர். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. குழந்தைகள் மனநல மருத்துவரும் பேச்சுப் பயிற்சியாளரும் அவருக்கு மாதக்கணக்கில் கற்றுக்கொடுத்து, பக்கத்தில் இருந்து பார்த்து, பிறகே பாயில் உட்கார வைத்தார்கள். இன்றும் மாதம் இருமுறை அவருடைய வேலையை அவர்கள் பார்த்துத் திருத்துகிறார்கள்.

முதல் நாள் அக்கா அந்தத் தாயிடம் ஒன்றும் போதிக்கவில்லை. "உன் பையன்கூட வீட்டுல எப்படி விளையாடுவியோ அப்படியே ஒரு அஞ்சு நிமிஷம் விளையாடும்மா" என்று சொல்லி, செல்போனில் படம் பிடித்தார். பிறகு இருவரும் அருகருகே உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தார்கள்.

படத்தில் தாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். "இது என்ன? சொல்லு. இது டம்ளர். டம்ளர் சொல்லு. இங்க பாரு. அம்மாவைப் பாரு. இது என்ன கலர்?" பையன் முதுகைக் காட்டிக்கொண்டு கரண்டியைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். பார்த்துக்கொண்டிருந்த தாய்க்குக் கண் கலங்கிற்று. "நான் பரீட்சை வெச்சுக்கிட்டே இருக்கேன் அக்கா" என்று தானாகவே சொன்னாள்.

அக்கா அவளைக் குற்றப்படுத்தவில்லை. படத்தைக் கொஞ்சம் ஓட்டி ஓர் இடத்தில் நிறுத்தினார். தாய்க்கு இருமல் வந்து சில விநாடிகள் பேச்சு நின்றிருந்த இடம் அது. அந்த அமைதியில் பையன் தட்டுவதை நிறுத்தி, ஒரு கணம் திரும்பிப் பார்த்திருந்தான். அவளுக்கு அது தெரியவேயில்லை. "பாத்தியா? நீ சும்மா இருந்தப்ப அவன் உன்னைத் தேடினான்" என்றார் அக்கா.

வகுப்பின் சாரம் இவ்வளவுதான். பிள்ளை ஏற்கெனவே அனுப்பிக்கொண்டிருக்கிற சிறு சிறு அடையாளங்களைப் பெற்றோர் கண்டுகொள்ளும்படி பக்கத்தில் இருந்து காட்டுவது. அதற்கு அக்கா சொல்லிக்கொடுக்கும் முறைகள் சில உண்டு. எவரும் வீட்டில் செய்யக்கூடியவை.

முதலாவது, பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறங்கி எதிரே உட்காருவது. நின்றுகொண்டு கூப்பிடுகிறவருடைய முழங்கால்தான் குழந்தைக்குத் தெரியும். இரண்டாவது, வாயை மூடி மனதுக்குள் பத்து எண்ணி, பிள்ளை எதைப் பார்க்கிறான், எதைத் தொடுகிறான் என்று கவனிப்பது. மூன்றாவது, நாம் விரும்பும் பொருளிடம் அவனை இழுக்காமல், அவன் விரும்பும் பொருளிடம் நாம் போவது. அவன் கரண்டியைத் தட்டினால் நாமும் ஒரு கரண்டியை எடுத்துத் தட்டுவது. நான்காவது, அவன் என்ன செய்கிறானோ அதற்கு ஒரே ஒரு சொல்லைக் கொடுப்பது. "டொக்" என்றால் போதும். "இது எவர்சில்வர் கரண்டி, தாத்தா வாங்கிக்கொடுத்தது" என்று நீட்டவேண்டியதில்லை. ஐந்தாவது, சொல்லிவிட்டு மறுபடியும் காத்திருப்பது. தினமும் அரைமணி நேரம் இப்படி. விளையாட்டுச் சாமான் வாங்க வேண்டாம். குளிப்பாட்டும்போதும் செய்யலாம், தோசை சுடும்போதும் செய்யலாம்.

கேட்பதற்கு எளிதாயிருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும். நாற்பது ஆண்டு பிரசங்கித்துப் பழகிய எங்களுக்குப் பத்து எண்ணும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம் என்பது அந்த வராந்தாவில்தான் விளங்கிற்று!

லாரி ஓட்டும் தகப்பன்

அந்தத் தாய் தொடர்ந்து வந்தாள். ஐந்தாம் வாரத்தில் கணவரையும் கூட்டி வந்தாள். அவர் பாயில் உட்காரவில்லை. தூணில் சாய்ந்து நின்றார். மகன்மேல் பாசமில்லாதவர் அல்ல. ஒவ்வொரு முறை வீட்டுக்கு வரும்போதும் பொம்மை வாங்கி வருகிறவர். ஆனால் மகன் அவரை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வீட்டில் இருக்கும் மூன்று நாளும் அவர் செல்போனில் கார்ட்டூன் போட்டு அவன் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொள்வார். பையன் அமைதியாயிருந்தான், அதுவே அவருக்குப் பெரிதாயிருந்தது.

"எனக்குப் பொம்மை வெச்சு விளையாட எல்லாம் வராது அக்கா" என்றார்.

"லாரிதானே தம்பி ஓட்டுறீங்க? அவனும் லாரிதான் வெச்சிருக்கான். சும்மா பக்கத்துல உட்காருங்க" என்றார் அக்கா.

பையன் தகப்பன் வாங்கிக்கொடுத்த பிளாஸ்டிக் லாரியைக் கவிழ்த்துப்போட்டு, அதன் சக்கரத்தை விரலால் சுழற்றிக்கொண்டிருந்தான். தகப்பன் உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்த லாரியைப் பிடுங்கி நிமிர்த்தி வைத்தார். பையன் கத்தினான். அக்கா பதறாமல் இன்னொரு லாரியை எடுத்து அவரிடம் கொடுத்து, "அவன் கவுத்துப் போட்டா நீங்களும் கவுத்துப் போடுங்க. அவன் சுத்தினா நீங்களும் சுத்துங்க. பேச வேணாம்" என்றார்.

பெரிய மீசை வைத்த அந்த மனிதர் வெட்கத்தோடு லாரியைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுழற்றினார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. பையன் தன் சக்கரத்தை நிறுத்தினான். தகப்பனுடைய சக்கரத்தைப் பார்த்தான். பிறகு மெல்ல முகத்தை உயர்த்தி அவருடைய முகத்தைப் பார்த்தான். தகப்பன் "டுர்ர்ர்" என்றார். பையன் சிரித்தான்.

அந்தப் படத்தை அவர் தம்முடைய செல்போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டார். டீக்கடையில் நின்று அந்த இரண்டு விநாடியைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை எங்கள் உடன் ஊழியர் பார்த்திருக்கிறார்.

அந்தப் பையனுக்கு இப்போது என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சரளமாய்ப் பேசுகிறான் என்று சொன்னால் கைதட்டுவீர்கள். ஆனால் அது உண்மையாகாது. சில சொற்கள் சொல்லுகிறான். வெளியே போக வேண்டுமென்றால் தகப்பனுடைய செருப்பைக் கொண்டுவந்து அவர் காலடியில் போட்டு, முகத்தைப் பார்க்கிறான். லாரி சத்தம் கேட்டால் வாசலுக்கு ஓடுகிறான். முன்னே வீட்டுக்கு வருவதைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்த தகப்பன், இப்போது நடையை முடித்ததும் நேராய் வீட்டுக்கு வருகிறார்.

மருத்துவமனைகள் கற்றுக்கொண்ட பாடம்

இது ஏதோ நம் வராந்தாவில் பிறந்த யோசனை என்று எண்ணிவிட வேண்டாம். பெற்றோருக்கு மருத்துவமனையில் எந்த இடம் என்ற கேள்வியே நீண்ட கேள்வி.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் மருத்துவமனைகளில் பெற்றோர் பார்வையாளர்களாக மட்டுமே எண்ணப்பட்டார்கள். குறித்த நேரத்தில் வந்து பார்த்துவிட்டுப் போய்விட வேண்டும். 1952-ஆம் ஆண்டு ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர், மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட ஒரு இரண்டு வயதுக் குழந்தை பெற்றோரைப் பிரிந்து படும் வேதனையைத் திரைப்படமாய் எடுத்துக் காட்டினார். பல மருத்துவர்கள் முதலில் கோபப்பட்டார்கள். 1959-இல் வந்த பிளாட் குழுவின் அறிக்கை, குழந்தைகள் வார்டில் பெற்றோர் தடையின்றி வந்துபோக இடம்கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

நம் நாட்டில் கதை வேறு. 1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் குடும்பத்தாரை வளாகத்திலேயே கூடாரம் போட்டுத் தங்கவைத்தார். வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் தொடங்கியபோது, குடும்பத்தாரும் நோயாளியோடு தங்குவது அங்கே வழக்கமாயிற்று. வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளோடு பெற்றோரும் தங்கிப் பயிற்சி பெறும் முறையும் அங்கே வேரூன்றியது.

அந்த வேலூர் மருத்துவர்கள் செய்த ஓர் ஆய்வு எங்களைப் போன்ற பிரசங்கிகளுக்கு நல்ல குட்டு. அறிவு வளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் பெற்றோர் 57 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். 10 வாரம் ஒரு குழுவுக்குச் சொற்பொழிவு. மற்றக் குழுவுக்கு, கூடி உட்கார்ந்து ஒருவரோடொருவர் பேசிக் கற்கும் வாய்ப்பு. 1999-இல் பிரிட்டிஷ் மனநல மருத்துவ இதழில் வெளியான முடிவு என்ன தெரியுமா? பிள்ளை வளர்ப்பைக் குறித்த மனப்பான்மை நன்றாய் மாறியது பேசிக் கற்ற குழுவினருக்குத்தான். எங்கள் அறையில் அந்தத் தாய் கேட்ட அரைமணி நேரச் சொற்பொழிவை நினைத்துக்கொண்டோம்!

செல்போனில் படம் பிடித்துப் பார்க்கிற முறைக்கும் ஆதாரம் உண்டு. இங்கிலாந்தில் ஆட்டிசம் உள்ள 152 சிறு பிள்ளைகளின் குடும்பங்களில் இம்முறையைச் சோதித்து, 2010-இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். பெற்றோர் பிள்ளைக்கு இசைந்து பழகும் முறை மிகவும் முன்னேறியது. பிள்ளைகளின் ஆட்டிச அறிகுறிகளிலோ அப்போது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இது வீண் வேலை என்று அன்றைக்கே மூட்டை கட்டியிருக்கலாம். ஏறத்தாழ ஆறு ஆண்டு கழித்து அதே பிள்ளைகளைத் தேடிப் பார்த்தார்கள். பயிற்சி பெற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கு அறிகுறிகளின் கடுமை மற்றவர்களைவிடக் குறைந்திருந்தது என்று 2016-இல் வெளியிட்டார்கள். விதைத்தவர்கள் முளையைப் பார்க்க அத்தனை ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதே 2016-ஆம் ஆண்டில் நமக்கு இன்னும் நெருக்கமான செய்தியும் வந்தது. கோவாவிலும், பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளின் குடும்பங்களில் இம்முறை சோதிக்கப்பட்டது. பயிற்சி கொடுத்தவர்கள் பெரிய நிபுணர்கள் அல்ல. முறையாகப் பழக்கப்பட்ட சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். அங்கேயும் பெற்றோர் பிள்ளைக்கு இசைந்து பழகக் கற்றார்கள்; பிள்ளைகள் தாமாக முன்வந்து தொடர்புகொள்வது அதிகமாயிற்று. நம் அக்காவைப் போன்ற ஒருவரால் இது ஆகும் என்று சொல்லுவதற்கு எங்களுக்கு அதுவே தைரியம்.

குற்றம் சாட்டுவது அல்ல

ஒன்றை மிகக் கவனமாய்ச் சொல்ல வேண்டும். பெற்றோருக்குப் பயிற்சி என்றதும், "அப்படியானால் தப்பு பெற்றோர்மேல்தானே" என்று ஊர் பேசத் தொடங்கும். பெரிய படிப்பாளிகளே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறார்கள். அன்பில்லாத தாயால்தான் ஆட்டிசம் வருகிறது என்ற கருத்து மேல்நாடுகளில் பல ஆண்டு செல்வாக்கோடிருந்தது. எத்தனையோ தாய்மார் செய்யாத குற்றத்துக்காக அழுதார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், தாமே ஆட்டிசம் உள்ள ஒரு பிள்ளையின் தகப்பன், அதை மறுத்துப் புத்தகம் எழுதினார். ஆட்டிசம் மூளை வளர்ச்சியில் பிறப்பிலிருந்தே உள்ள வேறுபாடு. தாயின் குறையால் வருவதல்ல என்பது இன்று தெளிவு. நம் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அதை ஒரு மாற்றுத்திறனாக ஏற்றிருக்கிறது.

பார்வை குறைந்தவருக்குக் கண்ணாடி கொடுத்தால், நீ ஏன் பார்வையைக் கெடுத்துக்கொண்டாய் என்று நாம் கேட்பதில்லை. எளிதில் விளங்காத பிள்ளையை விளங்கிக்கொள்ளப் பெற்றோருக்குக் கூடுதல் கண் வேண்டியிருக்கிறது, அதைக் கொடுக்கிறோம். வகுப்புக்கு வரும் தாய்மாரில் பலர் மாமியார் வீட்டிலும் தெருவிலும் போதுமான பழிச்சொல் கேட்டுவிட்டே வருகிறார்கள். எங்கள் பாயில் அது இருக்கக்கூடாது என்பது அக்கா போட்டிருக்கும் முதல் விதி.

பாதியில் நின்றவர்கள்

நல்லவற்றை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால் நாங்கள் உங்களுக்கு உண்மையாயிருக்கமாட்டோம். வகுப்பில் சேருகிற குடும்பங்கள் எல்லாம் முடிவுவரை வருவதில்லை. சனிக்கிழமை வந்தால் அன்றைய கூலி போய்விடும். இரண்டு பேருக்குப் பஸ் கட்டணம். வீட்டில், "ஆஸ்பத்திரிக்குப் போய் விளையாடிட்டா வர்றே?" என்ற கேள்வி. மாத்திரை எழுதிக்கொடுத்தால் நம்புகிறவர்களுக்கு, பத்து எண்ணு என்பதை மருந்தாய் எண்ண முடிவதில்லை.

ஒரு குடும்பம் ஏழாம் வாரத்தோடு நின்றுவிட்டது. ஆறு மாதத்தில் பூரண குணம் என்று விளம்பரம் செய்த ஓரிடத்துக்கு, நகையை அடகு வைத்துப் போனார்கள் என்று கேள்விப்பட்டோம். அந்தத் தகப்பன் கடைசியாய் வந்த நாளில் எங்களிடம் பேச வந்தார். அன்றைக்கு எங்களுக்கு அவசரமாய் ஐ.சி.யூ.விலிருந்து அழைப்பு. "அடுத்த வாரம் பேசலாம்" என்றோம். அடுத்த வாரம் அவர் வரவில்லை. அன்று பத்து நிமிடம் உட்கார்ந்திருக்கலாமே என்று இன்றும் நினைக்கிறோம்.

இதிலிருந்து நாங்கள் கற்றதும் உண்டு. இப்போது இரண்டு வாரம் தொடர்ந்து வராத குடும்பத்தை அக்கா வீட்டுக்கே போய்ப் பார்க்கிறார். உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட பெற்றோர் பயிற்சித் திட்டத்திலும் 9 குழு வகுப்புகளோடு 3 வீட்டுச் சந்திப்புகள் சேர்க்கப்பட்டிருக்கின்றன. அவரவர் வீட்டுத் திண்ணையில் பார்த்தால்தான் அவரவர் கஷ்டம் தெரியும்.

எங்கள் வீட்டுக் கதை

இது ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கு மட்டுமான பாடம் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டையும் அது தொடும் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் மகன் சிறுவனாயிருந்த நாட்களில் மருத்துவமனைக் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். விருந்தினர் வந்தால் அவனைக் கூப்பிட்டு வசனம் சொல்லவைப்போம். தப்பில்லாமல் சொல்லுவான், எங்களுக்குப் பெருமையாயிருக்கும். வீட்டுக்கு வந்ததும், "இன்றைக்கு டெஸ்டில் எத்தனை?" என்பதே எங்கள் முதல் கேள்வி. வராந்தாவில் அந்தத் தாய், நான் பரீட்சை வைத்துக்கொண்டே இருக்கிறேன் என்று அழுதபோது எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினைந்து ஆண்டு நாங்களும் அதைத்தானே செய்தோம்.

இன்று அவன் தூரத்து நகரத்தில் வேலையாயிருக்கிறான். ஞாயிறு மாலை தவறாமல் போன் செய்வான். நாங்கள் எடுத்தால், "சாப்பிட்டீங்களாப்பா? உடம்பு எப்படியிருக்கு? அம்மாகிட்ட குடுங்க." அவ்வளவுதான். மரியாதைக்குக் குறைவில்லை, பேச்சுத்தான் இல்லை.

ஒரு ஞாயிறு அவன் குரல் சோர்ந்திருந்தது. வேலை இடத்தில் ஏதோ சிக்கல் என்றான். எங்கள் வாயில் உடனே ஆலோசனையும் வசனமும் தயாராய் வந்து நின்றன. அக்காவை நினைத்து, பத்து எண்ணினோம். எட்டு எண்ணும்போது, அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லிவிடுவானோ என்று பயமாயிருந்தது. சொல்லவில்லை. "அப்பா, லைன்ல இருக்கீங்களா?" என்றான். "இருக்கோம்ப்பா" என்றோம். பிறகு அவன் பேச ஆரம்பித்தான். இருபது நிமிடம் பேசினான். சிக்கல் தீர்ந்துவிட்டதா என்றால் இல்லை. அன்று போனை நாங்களே அவன் அம்மாவிடம் கொடுத்தோம், அவன் கேட்கவில்லை.

உங்களிடம் கேட்பது

நண்பர்களே, குழந்தைகளைத் தாய்மார் கொண்டுவந்தபோது, போதகருக்கு நேரமில்லை என்று சீஷர்கள் அதட்டிய கதை உங்களுக்குத் தெரியும். அந்தச் சீஷர்கள் கெட்டவர்கள் அல்ல. பெரிய வேலைகள் நிறைய இருந்தவர்கள். மருத்துவமனையும் பெரிய வேலைகள் நிறைந்த இடம். அதனால்தான் அந்தப் பாயைப் பற்றி நினைவூட்ட நாங்கள் எழுந்து நின்றோம்.

உங்கள் காணிக்கை அங்கே எதற்குச் செலவாகிறது என்று தெளிவாய்ச் சொல்லுகிறோம். அக்காவின் சம்பளத்துக்கு. தூரத்திலிருந்து வரும் குடும்பங்களின் பஸ் கட்டணத்துக்கு. அன்று கூலி இழந்து வருகிறவர்களுக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு. அக்கா வீடுகளுக்குப் போய்வருவதற்கு. இதில் உங்கள் பெயர் பொறித்த கல்வெட்டு வைக்க இடமில்லை. ஆண்டறிக்கையில் படம் போடவும் பெரிதாய் ஒன்றுமில்லை. பிள்ளைகளின் முகத்தைப் பிரசுரிப்பதில்லை என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறோம். பலன் தெரிய ஆண்டுகள் ஆகலாம். அந்த லாரிக்காரத் தகப்பனைப்போல, இரண்டு விநாடி போதும் என்கிறவர்களே இந்த வேலையைத் தாங்க முடியும்.

இன்னொன்றும் கேட்கிறோம்; அதற்குப் பணம் வேண்டாம். உங்கள் தெருவில் பேசாத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இருந்தால், "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார், தானா வந்துடும்" என்று சொல்லி அனுப்பிவிடாதேயுங்கள். காத்திருக்காமல் ஒரு குழந்தை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளிலும், 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் என்னும் தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் ஏற்படுத்தப்பட்டிருக்கின்றன. அங்கே அனுப்பலாம், நம்மிடமும் அனுப்பலாம். கூடவே அந்தத் தாயிடம், தப்பு உன்மேல் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள்.

இன்றைக்கு வீடு திரும்பியதும், உங்கள் பிள்ளையோ பேரப்பிள்ளையோ என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று கொஞ்சம் பாருங்கள். கேள்வி கேட்காதேயுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து பத்து எண்ணுங்கள்.

நாங்கள் குறித்த நேரத்துக்கு மேலே பேசிவிட்டோம். பழைய பழக்கம், அக்கா மன்னிப்பாராக. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வகுப்பு. வந்து பார்க்க விரும்புகிறவர்கள் எங்கள் அறையில் சொல்லுங்கள். பெற்றோரின் சம்மதம் கேட்டு அழைத்துப்போகிறோம். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாயில்தான் உட்கார வேண்டும். நாற்காலி கிடையாது.